கை காட்டினால் நிற்கும்

டிப்போவின் பின்கட்டில் ஒரு கடைசல் இயந்திரம்.
ஓடாது. எனக்குத் தெரிய ஒருநாளும் ஓடியதில்லை.
இடுப்பளவில், வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கிற எழுத்து:
கிளாஸ்கோ.
பத்தொன்பது வருடமாக அதன்மேல்தான்
என் சோற்றுப்பெட்டி.
இந்த இரும்பு வந்த ஊரை
ஒருக்கால் போய்ப் பார்க்கவேணும் என்று
எப்போது நினைத்தேன் என்றால்
திகதி சொல்லத் தெரியாது.
நேரம் சொல்வேன்: பிற்பகல் ஒன்று இருபது,
கல்முனை பஸ் பிந்திய நாள்.

நேரக்காப்பாளர் நான்.
கார் ஓடத் தெரியாது.
கார் இல்லாமல் அங்கே ஒன்றும் பார்க்க ஏலாதாம்,
றிஸ்மியா சொல்கிறாள்,
மலையெல்லாம் தள்ளித் தள்ளியாம்.
கிண்ணியாவுக்குப் பாலம் வரமுன்
நீ எப்படியடி வேலைக்கு வந்தனீ?
பாதையில, என்றாள்,
துறையைக் கடக்கிற அந்த மிதவைப் பாதையில்.
அங்கேயும் பாதை இருக்கிறது.
மலேய்க்கில் ரயிலை விட்டு இறங்கி
நடந்தே ஏறலாம், ஸ்கை தீவுக்கு.

இரவில் சட்டி கழுவிக் கவிழ்த்துவிட்டு
வாய்க்குள் ஊர்ப்பெயர் பழகுகிறேன்.
இன்வர்னஸ். உல்லாபூல். ஸ்டோர்னோவே.
உப்புவெளி நிலாவெளி குச்சவெளி என்று
ஒரே மூச்சில் கூவிய வாய்
தடக்குப்படுகிறது, பிறகு சரிவருகிறது.
அவர்களுடைய அட்டவணையின் அடியில்
குறிப்புகள் எறும்பு எறும்பாய்:
பாடசாலை நாட்களில் மட்டும்.
குளிர்காலத்தில் இல்லை.
அந்தத் தீவில் ஞாயிறு பஸ்ஸே ஓடாது.
அப்ப ஞாயிறு என்ன செய்வீங்க, என்கிறார் விமலசேன,
நிலாவெளி முதல் பஸ்ஸின் சாரதி.
இருப்பேன்.
இருக்கிறதுக்கா ரெண்டு சீட்டுக் காசு?
ஓம்.

படிவம் கேட்கிறது:
எங்கே போகிறீர்கள்? எதற்கு?
யாரைச் சந்திக்க? எத்தனை நாள்?
முன்பே அறிமுகமான கேள்விகள்.
மூன்றாம் கட்டையில் பஸ்ஸை விட்டு இறக்கி
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு
கேட்டவைதான்.
அப்போது என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது: வீட்டுக்கு.
இப்போது எழுதுகிறேன்: பார்க்க.
பெட்டி பெரிது. மிச்சம் வெள்ளை.

அங்க ஆர் இருக்கினம்?
ஒருத்தரும் இல்லை.
லண்டனில்?
இல்லை.
போனவர்களை இந்தத் தெருவுக்குத் தெரியும்.
போகப் பயந்தவர்களை, போய்த் துலைந்தவர்களை,
பாதி வழியில் பிடிபட்டவர்களை.
பதின்மூன்றாம் நாள் திரும்பி வரப் போகிறவளைத்தான்
எங்கே வைப்பது என்று விளங்கவில்லை.
படிவத்துக்கும் அதே சந்தேகம்:
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.

என்ன இணைக்க?
அத்தியட்சகர் ஒப்பம் வைத்த துண்டு,
நவம்பர் முதலாம் திகதி, காலை ஐந்து ஐம்பது, கடமை.
பதினொரு பேர்ச்சஸ் காணியின் உறுதி,
பங்கு பிரியாதது.
பஸ் நிலையத்து மான் ஒன்று
வாழைப்பழத் தோலுக்கு என் மேசைவரை வரும்.
அதனிடம் ஒப்பம் வாங்க ஏலாது.

நேற்று நடுச்சாமம் தாண்டி
இன்னொரு குறிப்புக் கண்டேன்.
அந்த வடக்கு ரயில்பாதையில் சில தரிப்பிடங்களில்
கை காட்டினால் மட்டும் ரயில் நிற்குமாம்.
சாரதிக்குத் தெரிகிறமாதிரி
மேடையில் ஓராள் கையை நீட்டவேண்டுமாம்.
ரயிலை!
கண்ட கண்ட இடத்தில் நிறுத்தாதே என்று
எத்தனை சாரதிகளை ஏசியிருப்பேன்.
புல்லும் மழையுமான ஒரு மேடையில்
தனியே நான்,
ஒரு முழு ரயிலுக்குக் கை காட்டுகிறேன் என்று
நினைக்க நெஞ்சு இடித்தது.
விளக்கை அணைத்தும் நித்திரை இல்லை.

காலை ஐந்து பத்து. உப்புவெளிச் சந்தி.
இருட்டில் கடல் இருக்கிற பக்கம் தெரிகிறது, கடல் தெரியவில்லை.
நிலாவெளி பஸ் வருகிறது.
என்னைக் கண்டால் அது தானாக நிற்கும்,
பத்தொன்பது வருடமாக.
இன்றைக்குக் கையை நீட்டினேன்,
முழங்கை மடியாமல்,
கொஞ்சம் முன்கூட்டியே.

விமலசேன கண்ணாடியை இறக்கினார்.
என்ன அக்கா, முதல்தரமா?