உப்பைப் பிரிப்பவர்

அழைப்பு வந்தபோது
பதினேழாம் எண் டிராமைப்
பணிமனைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன்.
"திருமதி நெவென்கா, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்?"
உருளைக்கிழங்கு, என்றேன்.
இரண்டு தண்ணீர் வடித்தது.

ஆறு வருடம். திங்கள், புதன், வெள்ளி.
நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்,
அதிலும் பாதியைப் பனிக்கட்டியாக்கி
நாக்கை ஏமாற்றியாயிற்று.
பக்கத்துப் படுக்கை ஸ்லாவ்கோ
ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை.
திங்களன்று அங்கே ஒரு பெண்
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காத்திருப்பது என்றால் என்ன,
ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன்:
மழை கொட்டும் இரவில்
நெடுஞ்சாலைச் செய்தியைக்
கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேட்பது.
பிறகு எழுந்துபோய் முகம் கழுவுவது.

பனிக்கட்டியில் வந்தது அது.
எங்கிருந்து, யாருடையது, சொல்லமாட்டார்கள். சட்டம்.
வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள்.
பழைய இரண்டையும் எடுப்பதில்லையாம்;
ஓய்வுபெற்ற பின்னும்
பணிமனைக்குக் காபி குடிக்க வரும் ஓட்டுநர்கள் மாதிரி
அவை பாட்டுக்கு இருக்கின்றன.

ஒன்பது நாள் வேலை செய்யவில்லை.
நடுவில் மூன்று முறை மறுபடி அந்த இயந்திரம்.
"தூங்குகிறது" என்றார் டாக்டர்.
தூங்கட்டும், என்றேன்,
துக்க வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

பத்தாம் நாள், விடிய நான்கு பத்துக்கு
குழாயில் ஒரு சொட்டு.
நின்றது.
இன்னொன்று.
இரவு நர்ஸ் யாத்ரான்கா
பையை விளக்கடியில் தூக்கிப் படித்தாள்:
பன்னிரண்டு மில்லி.
மூத்திரம்! என்று கத்திவிட்டேன்.
அறையே விழித்துக்கொண்டது,
ஒருவரும் கோபிக்கவில்லை.

உப்பிட்டவரை நினைக்கலாம்,
அவருக்கு முகம் இருக்கிறது, வாசல் இருக்கிறது.
இரவும் பகலும் என் ரத்தத்திலிருந்து
உப்பைப் பிரித்தெடுக்கும் இவரை
எந்தப் பெயர் சொல்லி நினைப்பது?

வீட்டாருக்குக் கடிதம் எழுதலாம்,
பெயரும் ஊரும் இல்லாமல்.
நான்கு தாள் கிழித்தேன்.
நன்றி என்ற சொல்
ஒவ்வொரு முறையும் சில்லறை போலச் சத்தமிட்டது.
ஐந்தாவதில் இவ்வளவுதான்:
"இன்று ஒரு தக்காளி சாப்பிட்டேன். முழுதாக."
அவருக்குப் பிடிக்குமா என்று கேட்டிருந்ததை
அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது.
அப்படியே அனுப்பினேன்.

பதில் வரவில்லை. வரவேண்டும் என்றில்லை.
இப்போது காலை முறை எனக்கு.
கறுப்பு உடுத்த யாராவது
நிறுத்தத்துக்கு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால்
கதவை மூடாமல் வைத்திருக்கிறேன்.
அட்டவணையில்
இரண்டு நிமிடம் பிந்துகிறது.
மேலாளர் ஏன் என்று கேட்டார்.
தண்டவாளம் ஈரம், என்றேன்.