பன்றிப்பள்ளம், நாற்பத்து நான்காவது சென்ரிமீற்றர்

குழாயைப் பிளந்ததும் அழுகிய முட்டை நாற்றம்.
டிரைவர் சோமபால மூக்கைப் பொத்திக்கொண்டு
வேனுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.
நில்மினி சிரித்தாள். எங்கள் தொழிலில்
நாற்றம் நல்ல செய்தி.
மூச்சில்லாத தண்ணீரில்தான் அது பிறக்கும்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை முடிந்து
காடு தொடங்கத் தயங்குகிற இடம்.
வரைபடத்தில் வெறும் நீலக் கோடுகள்.
கொழுந்தெடுக்கிறவர்கள் வைத்த பெயரை
நான்தான் பையில் எழுதினேன்: பன்றிப்பள்ளம், ஒன்று.
இரண்டு மீற்றர் பத்து சென்ரிமீற்றர் இறங்கியது.
பிறகு கம்பி கல்லில் இடித்தது.

பேராதனையில் நான்கு மாதம்
ஒவ்வொரு சென்ரிமீற்றராக வெட்டி, காயவைத்து,
இடித்து, எரித்து, மிஞ்சிய சாம்பலை எடைபார்த்து.
பிளாஸ்டிக் கத்தி மட்டும்.
இரும்புக் கத்தி என்றால்
அதுவும் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும்.

அடியில் சாம்பல்நிறக் களி, படிகக்கல் மணல்:
காற்றும் வறட்சியும், மூடியிராத மலை.
அதன்மேல் ஒரு முழம் கறுப்பு.
அங்கே மங்கனீசு இல்லை.
ஒட்சிசன் குறைந்தால் முதலில் கரைந்து வெளியேறுவது அதுதான்,
இரும்பு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்.
அப்படியென்றால் இங்கே ஒரு குளம் இருந்தது,
ஆழமாக, அசையாமல்,
யாரும் கல்லெறியாத குளம்.
கந்தகத்தைக் காபனோடு வைத்துப் பார்த்தேன்.
நன்னீர். எதிர்பார்த்ததுதான்,
கடல் இவ்வளவு உயரம் ஏறியதில்லை.
ஆனாலும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

குளம் தூர்ந்து சதுப்பாகிறது. கரித்துகள். மறுபடி காடு.
ஆயிரக்கணக்கான வருடம், வரைபில்
ஒரு கோடு சோம்பலாக நடக்கிறது.

அறுபத்தொன்றில் தைத்தேனியம் எகிறுகிறது.

தைத்தேனியம் கரையாது, செடி அதைத் தின்னாது.
மலை மண்ணோடு சரிந்து வந்தால்தான் வரும்.
ஈயத்தை வைத்து வயது பார்த்தோம்:
கோப்பிக்காகக் காடு வெட்டிய காலம்,
கூடக் குறைய ஒன்பது வருடம்.
வெட்டியவர்களின் பெயர் சேற்றில் இல்லை.
மன்னார்க் கரையில் இறங்கி நடந்து வந்து
பாதியில் விழுந்தவர்கள் எந்தப் படிவிலும் இல்லை.
நடந்து முடித்த என் ஆட்கள்
மில்லியனில் இத்தனை பங்கு என்று
ஒரு செங்குத்துக் கோடாக இருக்கிறார்கள்.
மழையும் அதே கோட்டைப் போடக்கூடும் என்றாள் நில்மினி.
சரிதான். ஒரு தனிமத்தை மட்டும் நம்பக் கூடாது.
மகரந்தம் பார்த்தோம், கரி பார்த்தோம்.
மழை இல்லை.

நாற்பத்து நான்கில் கோடு விழுகிறது.
மழை குறையவில்லை, காடு திரும்பவில்லை,
மண் மட்டும் மலையிலேயே நின்றுவிட்டது.
கட்டுரையில் நான் எழுதிய வாக்கியம்:
"மண் முகாமைத்துவம் மேம்பட்டிருக்கலாம்."
எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
லயத்தில் அதற்கு இரண்டே சொல்: கான் வெட்டு.
நாளைக்கு இத்தனை அடி, குறைந்தால் அரைப்பேர்.
மலைக்குக் குறுக்கே, முழங்கால் ஆழம்,
மண்வெட்டி, அட்டை, மழை.
செக்ரோலில் பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.
வரைபில் அது பதினோரு சென்ரிமீற்றர் அமைதி.
வாக்கியத்தை மாற்றினேன்.
"தொழிலாளர்கள் வெட்டிய வடிகான்கள்" என்று போட்டேன்.
மதிப்பீட்டாளர் சிவப்பில் கேட்டிருந்தார்: ஆதாரம்?

இருபத்தொன்பதில் செப்பு, கொப்புள நோய்க்கு அடித்த மருந்து.
அது யாருடைய நுரையீரலிலும் இறங்கியிருக்கும்.
அதை நாங்கள் அளக்கவில்லை.

மாசியில் இரண்டாம் குழாய்க்குப் போனோம்.
குழாய் சுமந்த கிருஷ்ணபாலன்
பன்னம் மூடிய பள்ளத்தில் கால் வைத்து
இடுப்புவரை போனான்.
கானாம். துப்புரவு பார்த்து ஆறேழு வருசமாம்,
ஆளில்லையாம்.
சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான்,
செம்மண் கரைசல்.

முதல் குழாயின் மேல் இரண்டு சென்ரிமீற்றரில்
தைத்தேனியம் மறுபடி ஏறியிருந்தது.
பிழை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன்.