அடையாளம்

பில்பாவோவில் தூறல்.
பதினைந்து நிமிடத்துக்கொருமுறை
பட்டை உன் கையை இறுக்கி, விடுகிறது.
நூற்று அறுபத்திரண்டு.
மக்னீசியம் சொட்டுகிறது;
உடம்பெல்லாம் தீ என்கிறாய்.

முட்டை என்னுடையது, நெக்கானே.
விந்து யாரோ ஒருவனுடையது, உறைந்து வந்தது.
சுமக்கிறவள் நீ.

பன்னிரண்டு வருடம்
ஒரே கரண்டியில் சூப் ருசித்தோம்.
உன் சளி எனக்கு, என் இருமல் உனக்கு.
உன் ரத்தத்துக்கு மட்டும்
என்னை அடையாளம் தெரியவில்லையோ?

"அதனால்தான் என்று சொல்ல முடியாது.
இருக்கலாம்" என்கிறார் மருத்துவர்.
அந்த 'லாம்' போதும்
விடியும்வரை மென்றுகொண்டிருக்க.

வீங்கிய விரலில் மோதிரம் நகரவில்லை.
சோப்பு போட்டுத் திருகுகிறேன்.
முப்பத்து மூன்றாவது வாரம்.
உள்ளே ஓர் உதை.
கண் திறக்காமல் சொல்கிறாய்:
"உன்னை மாதிரியேதான்,
தூங்கவிடாது."