மண் ஏறாத மாடி

"மாடிக்கு மண் ஏறக்கூடாது, பிள்ளை."
திறப்பைத் தரமுதல் குலவீரசிங்கத்தார்
சொன்னது அது ஒன்றுதான்.
முன்பு இருந்தவர்கள் பூச்சட்டி வைத்துச்
சீலிங்கில் இறங்கிய ஈரத்தை
விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

சரி, மண்ணில்லாமல்.
சப்பாத்துப் பெட்டியளவு வெள்ளைத் தொட்டி,
மூடியில் ஒன்பது துளை, துளைக்கொரு பஞ்சு,
மீன்தொட்டிக் கடையில் வாங்கிய
கட்டைவிரல் பருமன் மோட்டர்,
மேலே நாவற்பழச் சாற்று நிறத்தில் ஒரு லைற்.
கொழும்பு பஸ்ஸில் வந்தது.
"மருந்துச் சாமானோ" என்று கொண்டக்டர் கேட்க
ஓமென்றேன். பெரிய பொய்யில்லை.

கடுகு மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தது.
மல்லி பத்தாம் நாள்வரை யோசித்தது.
திருநெல்வேலிச் சந்தைக் கட்டிலிருந்து
வேரோடு பிழைத்த இரண்டு வல்லாரைத் தண்டு
ஒன்றும் யோசிக்காமல் படர்ந்தது.
பிறகு எல்லாமே மஞ்சளித்தன.

பிழை தண்ணீரில்.
கொக்குவில் கிணற்று நீர்
சுண்ணாம்புக்கல்லின் வயிற்றில் கிடந்து வருவது.
கேத்தல் அடியில் செதில் கட்டும்,
தலைமயிரைத் தும்பாக்கும்.
வங்கியில் பகல் முழுக்க எண் பார்த்துவிட்டு
இரவில் கடதாசித் துண்டை நனைத்து
இன்னோர் எண்: எட்டு.
ஆறு இருந்தால் நல்லது என்று
பெட்டியோடு வந்த தாள் சொன்னது.
இரண்டு தேசிக்காய் பிழிந்துவிட்டேன்.
இரண்டு நாளில் திரும்பவும் எட்டு.
கல் தன் கணக்கை விட்டுக்கொடுக்காது.
நான்தான் விட்டுக்கொடுத்தேன்.
வடிகட்டிய தண்ணீர்க் கான் சைக்கிள் கரியரில் ஏறியது.
"கீரைக்குப் போத்தல் தண்ணி பருக்கிறாள்"
என்று முன்வீட்டுப் பவளராணி அக்கா
மதிலுக்கு மேலால் ஊருக்கே சொன்னா.

ஐப்பசி மழை விட்ட ஒரு செவ்வாய், இரவு பத்தரை.
படியில் சப்பாத்துகள்.
நாலு கால். இல்லை, ஆறு.
சத்தத்தில் கால் எண்ண
எட்டு வயதில் பழகியது,
நீச்சல் மாதிரி, மறப்பதில்லை.

யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள்:
மேல்மாடி யன்னலில் விடியவிடிய ஊதா வெளிச்சம்.
ஊதா வெளிச்சமென்றால் கஞ்சா.
தமிழ் தெரிந்தவர்
"பூட்டி வைத்த அறையைத் திறவுங்கோ" என்றார்.
இருப்பதே ஓர் அறை. அதில்தான் நின்றார்.

ரோச் வெளிச்சம் ஒவ்வொரு துளையாகப் போனது.
மூடியைத் தூக்கினார்கள்.
வேர்கள் நனைந்த நூலாய், வெள்ளையாய்,
ஒளிக்க ஒன்றுமில்லாமல் தொங்கின.
மூத்தவர் குனிந்து ஓர் இலை கிள்ளினார்.
கசக்கினார், மணந்தார், வாயில் போட்டார்.
"கொட்டுகொல."
"வல்லாரை," என்றேன்.
"கொட்டுகொல,"
இம்முறை வீட்டுக்குள் யாரையோ கூப்பிடுவதுபோல்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
மோட்டர் என்ன விலை என்று
மற்றவரைக்கொண்டு அவர் கேட்டார். சொன்னேன்.
கொப்பியில் எதையோ எழுதினார்,
விலையோ, என் பெயரோ.

போனபிறகு கதவைச் சாத்திவிட்டுத்
தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.
மோட்டர் இரைந்துகொண்டிருந்தது,
அதற்கு எதுவும் தெரியாது.
கை நடுக்கம் நின்றபிறகுதான் கண்டேன்:
படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து மேசை,
சப்பாத்து அடியில் ஏறிவந்த செம்மண்,
ஆறு காலும் தெளிவாக.

குலவீரசிங்கத்தார் ஐந்து மணிக்கு எழும்புவார்.
தும்புத்தடியால் படிவரை கூட்டி,
வங்கிக் கலண்டர் தாளில் அள்ளினால்
இரண்டு தேக்கரண்டி தேறும்.
யன்னலால் தட்டினேன்.
லைற்றுக்குள் விழுகையில்
அதுவும் ஊதாவாய்த்தான் இருந்தது.

காலையில் வல்லாரைச் சம்பல்.
ஓர் இலை குறைவு.