கடைமடை எலக்ட்ரான்

பெரிய வெங்காயத்தின் தோலுக்கடியில்
கரி தூவியதுபோல் படர்ந்திருக்கும் பூஞ்சை.
கும்பகோணம் மார்க்கெட்டில் அதைக் கண்டால்
தள்ளிவிட்டு அடுத்ததைப் பொறுக்குவார்கள்.
அதன் பங்காளியிடமிருந்துதான்
என் நொதி வருகிறது,
ஐஸ் பெட்டிக்குள், வெளிறிய மஞ்சளில் ஒரு சிட்டிகை,
எட்டு மாத உதவித்தொகைப் பாக்கியின் விலையில்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ்.
மற்றச் சர்க்கரைகள் வாசலில் நின்றால்
ஏறிட்டும் பார்க்காது.
குளுக்கோஸ் வந்தால் மட்டும்
இரண்டு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பும்.
பிடுங்கியதை ஒளித்துவைக்கும் இடம்தான் வம்பு:
புரதத்தின் அடிவயிற்றில்,
தங்க முனைக்கு எட்டாத ஆழத்தில்.

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர்.
மேட்டூர் திறந்து
இருபத்தாறு நாள் கழித்தும்
வாய்க்காலில் ஆடு படுத்திருக்கும்.
எட்டாத ஆழம் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் படம் போட வேண்டாம்.

பைரோல் கரைசலில் நொதியைக் கலந்து
மின்முனையை முக்கி
முக்கால் வோல்ட் வைத்தேன்.
தெளிந்த திரவத்திலிருந்து
ஒரு கறுப்பு எழுந்து தங்கத்தில் படிகிறது,
வண்டல்போல, ஏடு ஏடாக,
நொதிகளையும் சேர்த்து உள்ளே அமுக்கிக்கொண்டு.
பிளாஸ்டிக் குடும்பம்தான். ஆனால் மின்சாரம் ஓடும்,
எங்கள் தெருக் கம்பியைவிட ஒழுங்காக.
இதை எழுதும்போதே கரண்ட் போய்
நாற்பது நிமிட வளைகோடு பாதியில் நிற்கிறது.

ஆய்வேட்டில் எழுத நினைத்தேன்:
கடைமடை வரைக்கும் எலக்ட்ரான் வந்தது.
கடைமடைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.
அடித்துவிட்டேன்.

வலங்கைமான் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
கையெழுத்துப் போட்டு விரலை நீட்டியவர்
தெட்சணாமூர்த்தி, கதவணை லஸ்கர்.
கம்பெனிப் பட்டை நூற்று அறுபத்தெட்டு என்றது.
என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
கழுவி, மறுபடி. இருநூற்றுப் பத்து.
“காலையில் என்ன சாப்பிட்டீங்க?”
“வெறும் வயிறும்மா. நெல்லிக்கா ஜூஸ்தான் ரெண்டு சொம்பு.
சுகர் எறங்கும்னாங்க.”

இறங்கவில்லை. வைட்டமின் சி
நொதியைக் கேட்காமல்
தானே போய் முனையில் எலக்ட்ரானைக் கொட்டியிருக்கிறது.
எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு.
“என் ஷட்டரத் தாண்டி
ராத்திரியில மோட்டார் வச்சு இறைக்கிற பயலுவ
எத்தன பேருங்கிறீங்க!
எல்லாத் தண்ணியும் கதவு வழியாவா போவுது?”

மூன்று வாரம். கறுப்பின் மேல்
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படலம்,
நெல்லிக்காயை அண்டவிடாத எதிர்மின் வேலி.
கோடு நேரானது. இமானுவேல் போண்டா வாங்கித் தந்தான்.

ஐப்பசியில் மறுபடி போனபோது
வெண்ணாறு கரையை நக்கிக்கொண்டிருந்தது.
லஸ்கர் நான்கு நாளாய்த் தூங்கவில்லை.
கால் பெருவிரலில் துணிக்கட்டு,
அதன் மேல் சேறு.
ஷட்டர் ஓரமாகவே உட்காரவைத்து
ஒரு சொட்டு எடுத்தேன்.

கோடு ஏறியது. ஏறியது.
பிறகு படுத்துவிட்டது.
எல்லா நொதிக்கும் கை நிறைய வேலை,
ஒரு கையும் காலியில்லை.
இன்னும் எவ்வளவு சர்க்கரை வெளியே நிற்கிறதோ
அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
கம்பெனிக் கருவியைத் தட்டினால்
எண்ணே இல்லை, ‘ஹை’ என்கிறது.

பாலத்தூணில் அடி அடியாய் எழுதிய அளவுகோல்
தண்ணீருக்குள் எங்கோ இருந்தது.
“இப்ப ரிஜிஸ்தர்ல என்ன எழுதுவீங்க?”
“முங்கிடுச்சுன்னு எழுதுவோம். வேறென்னத்த?”

நோட்டில் அவர் பெயருக்கு எதிரே
மில்லிகிராம் கட்டத்தில்
தமிழில் எழுதினேன்: முங்கிடுச்சு.
108-ஐக் கூப்பிட்டேன்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி என்றதும்
ஏற மாட்டேன் என்றார்.
இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள்.
கதவு சாத்தும்வரை
என்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்:
ராவுல இன்னும் ரெண்டடி வந்தா
மூணாம் நம்பர் ஷட்டர
எவன் தூக்குவான்?