பதினாலாம் நம்பர் காடு

பீடோங்கிலிருந்து ஒன்பது கட்டை போனால்தான் கடல்.
என் பெக்கோவின் பல்லில் அது சிக்கியதோ
பதினாலாம் நம்பர் காட்டில்,
ஒரு புதன்கிழமை, பசியாறப் போகும் நேரம்.

முதலில் பீங்கான் நொறுங்குகிற சத்தம்.
பிறகு வாளி நிறைய வெள்ளை.
கெராங்.
சீனர் கடைப் பின்கட்டில் கொட்டிக் கிடக்குமே,
அவித்துத் தின்று எறிந்த ஓடு,
அதேதான்.
ஆனால் இரண்டு ஆள் ஆழத்தில்,
செம்பனை வேருக்குக் கீழே,
அதற்கு முன்பிருந்த பால்மரத்தின்
செத்த ஆணிவேருக்கும் கீழே.

கிராணி புவனேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.
"எவன்டா இங்க வந்து இவ்வளவு தின்னுட்டுப் போனது?"
சிரித்தோம்.
இரண்டு வாரம் கழித்து வந்த அருங்காட்சியகத்து ரொஸ்மலிசா
சிரிக்கவில்லை. அதுதான் கேள்வி என்றார்.
இங்கேதான் உட்கார்ந்து தின்றார்கள்,
அலை காலடியில்.

கான் வெட்டும் வேலை நின்றது. என் கூலியும்.
அரிப்புச் சட்டியோடு நானும் குழிக்குள் இறங்கினேன்,
நாளுக்கு அறுபத்தைந்து வெள்ளி,
மழை பெய்தால் பாதி.

மேட்டில் கிளிஞ்சல்.
பள்ளத்தில், அதற்கு மூவாயிரம் வருஷம் இளையதாம்,
செங்கல் வரிசை: படகு கட்டிய துறை.
இரண்டுக்கும் நடுவே
கடல் பின்வாங்கிய தூரத்தை நடந்து பார்த்தேன்.
ஒரு சிகரெட் தீரவில்லை.
அவசரமே படாமல் போயிருக்கிறது,
ஒருவன் பிறந்து சாவதற்குள்
கட்டைவிரல் நீளம்கூட இறங்காமல்,
யாருக்கும் கடிதம் கொடுக்காமல்.

எங்களுக்குக் கொடுத்தார்கள்.
கம்பெனி முத்திரை போட்டு,
மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய் என்று.
ஆறாம் கதவு, நான் பிறந்த வீடு,
இப்போது ஆய்வுக்காரர்களின் கார் நிற்கும் இடம்.

கோகிலவாணிக்கு வேறு நஷ்டம்.
குரோட்டன் செடியைச் சுற்றி அவள் நட்டு வைத்திருந்த
மண்குழாய்த் துண்டுகள்,
நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் கருகி,
கானில் பொறுக்கியவை;
இரும்பு உருக்கிய உலைக்குக் காற்று ஊதியவை என்று
எண் எழுதிப் பையில் போட்டார் ரொஸ்மலிசா.
இருபத்திரண்டு.
பதிலுக்கு ஒரு ரசீது.
ஐஸ்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்,
தண்ணி பில்லுக்குப் பக்கத்தில்.

ஐந்தாம் படிவத்தில் இலக்கியம் எடுத்தவன் நான்.
தேறவில்லை, அது வேறு.
ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது: கடல்கோள்.
ஆற்றைக் கொண்டது, மலையைக் கொண்டது,
ஊரையும் ஏட்டையும் கொண்டது என்றே
அழுது பழகிய மொழி.
வைத்துவிட்டுப் போன நிலத்துக்கு
என்ன சொல்வது? கடற்கொடை?
வாயில் போட்டு மென்றேன்.
தேர்தலில் நிற்பவன் பெயர் மாதிரி இருந்தது.
துப்பிவிட்டேன்.

ஞாயிறன்று தஞ்சோங் டாவாயிலிருந்து மச்சான் போன் செய்தான்.
பௌர்ணமித் தண்ணி கருவாட்டுக் கடைக்குள் புகுந்துவிட்டதாம்,
இந்த வருஷம் நாலாம் தடவை.
"முந்தியெல்லாம் இப்படி இல்ல" என்றான்.
எந்த முந்தி என்று கேட்க வாய் வந்தது.
மூட்டையைப் பலகைமேல் ஏற்று என்றேன்.

நேற்று ஒரு கெராங்,
இரண்டு ஓடும் இறுக மூடியபடி.
யாரோ தின்னாமல் விட்டது.
நகத்தால் நெம்பினேன். உள்ளே சாம்பல் நிறக் களி.
யாரும் பார்க்காத நேரம் நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.

ஆள் கணக்கு இன்னமும் புவனேஸ்வரன் கையில்தான்.
புத்தகத்தை விரித்து, இன்றைக்கு எந்தக் காடு என்றார்.
"கடற்கரை" என்றேன்.
நிமிராமலே பதினாலு என்று எழுதினார்.
ஜெராய் மலை அதற்குள் காணாமல் போயிருந்தது,
மழை சடக்கைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.
ஆளுக்கொரு முனை பிடித்துத் தார்ப்பாயை இழுத்தோம்,
கடல் நனைந்துவிடக் கூடாதென்று.