காலையில் வெயில் வரும்

நாங்கள் வீடு பார்த்தது பிப்ரவரியில்.
டனீடினில் அது கோடை.
கதவு, ஜன்னல், மனிதர்கள்
எல்லாம் திறந்தே கிடந்த மாதம்.
காலி செய்துகொண்டிருந்தவன்
மெத்தையைத் தலையில் சுமந்தபடியே சொன்னான்:
"காலையில் வெயில் வரும்."
கையெழுத்துப் போட்டோம்.
நான்கு பேருக்கு ஒரே ஒப்பந்தம்.
ஒருவர் கைவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்
என்ற பதினோராம் பத்தியை
விலியாமி மட்டும் படித்தான்.
படித்துவிட்டுச் சிரித்தான்.

மே மாதம் புரிந்தது,
வீடு மலையின் தப்பான கன்னத்தில் இருக்கிறது.
வெயில் வந்தது. அவன் சொன்னது பொய்யில்லை.
ஒன்பது நாற்பதுக்கு
சமையல் மேடையில் ஒரு ரொட்டித்துண்டு அளவு.
பத்து மணிக்குள் அதையும் யாரோ தின்றுவிடுவார்கள்.

வாடகையில்
ககரம் உதிர்ந்தால் வாடை.
வாரம் நூற்று எண்பத்தைந்து டாலர்
இரண்டுக்கும் சேர்த்து.
வாடைக்குத் திசை வடக்கு என்று சொன்னவர்கள்
இந்தப் பக்கம் வந்ததில்லை.
இங்கே அது தெற்கிலிருந்து வரும்,
நடுவில் மறிக்க ஒரு நாடும் இல்லாமல்.

ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக அழுதது.
துண்டால் ஒற்றிப் பிழிந்தால் தினமும் கால் வாளி.
இமோஜென் தொப்பியோடு தூங்கினாள்.
மூடும்வரை நூலகத்தில் இருந்தோம்;
படிக்கிற பிள்ளைகள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு ராத்திரி
கூடத்துச் சுவரில், யாரோ விட்டுப்போன
பழைய கடல்ஓத அட்டவணை
தானாக மூச்சுவிட்டது.
கழற்றினோம்.
முஷ்டி அளவு ஓட்டை.
அதற்குள் காலுறைகள். ஏழு.
ஒன்றுக்கொன்று ஜோடியில்லை.
ஒன்றில் மட்டும் வாத்துகள்.
ஆண்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டோம்.
இமோஜென் குனிந்து
தன் இடது காலுறையை உருவினாள்.
எட்டு.
அட்டவணையைத் திரும்ப ஒட்டினோம்.

ஜூலையில் லாக்லன் போனான்.
தாவரவியலும் ஒரு பெண்ணும்
ஒரே வாரத்தில் அவனைக் கைவிட்டிருந்தார்கள்.
சைக்கிளைக்கூட விட்டுவிட்டுப் போனான்.
பதினோராம் பத்தி எழுந்து உட்கார்ந்தது:
தலைக்கு மேலும் அறுபத்தொரு டாலர் அறுபத்தேழு சென்ட்.
இந்த நாட்டில் ஒரு சென்ட் நாணயமே கிடையாது,
கடன் மட்டும் துல்லியமாக இருக்கிறது.

சனிக்கிழமை மெரெயானா அறை பார்க்க வந்தாள்.
ஊர் கிஸ்போர்ன்:
உலகத்தில் முந்தி விடிகிற ஊர்களில் ஒன்று.
பக்கத்து வீட்டு ஹீட்டரை இரவல் வாங்கி
நான்கு மணிநேரம் அறையைச் சுடவைத்திருந்தேன்.
பூஞ்சையின் முன்னால் அலமாரியை நகர்த்தியிருந்தேன்.
அவள் அறையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"ரொம்பக் குளிருமா?"

விலியாமி தன் செருப்பைப் பார்த்தான்.
இமோஜென் ஃபிரிட்ஜைத் திறந்து
எதையும் எடுக்காமல் மூடினாள்.
நான் சொன்னேன்,
மெத்தையைச் சுமந்தவனின் அதே குரலில்:
"காலையில் வெயில் வரும்."

குடிவந்த மூன்றாம் இரவு
அவள் கதவு திறக்கும் சத்தம்.
கூடத்தில் கைபேசி வெளிச்சம்.
டேப் உரியும் ஓசை.
போர்வைக்குள் நான்
விளக்கம் ஒன்றைத் தயார் செய்தேன்,
கலைத்தேன், மறுபடி செய்தேன்.
அவள் என் கதவைத் தட்டவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
ஒன்பது.
நாங்கள் போட்டதெல்லாம் பழசு, கிழிசல்.
இது புதுசு. கையால் பின்னியது,
பச்சைக் கம்பளி, கணுக்கால் வரை.
ஒற்றைக் காலில் இதன் ஜோடியோடு
அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.
மணி ஒன்பது நாற்பது.
மேடையில் விழுந்த ரொட்டித்துண்டு மேல்
உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"நகரு," என்றாள், நிமிராமலே.
"மறைக்கிறாய்."